சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

போன் சார்ஜரை மறக்காமல் பிடுங்கி வைப்பவர்கள்கூட வாட்டர் ஹீட்டர் விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். போன் மாட்டாமல் சும்மா சொருகியிருக்கும் இன்றைய சார்ஜர் இழுப்பது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வாட்தான். வருடம் முழுக்க அப்படியே கிடந்தாலும் மூன்று யூனிட்டைத் தாண்டாது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். சார்ஜரின் ஒரு வருடக் கணக்கை ஹீட்டர் ஐந்தே நாளில் முடித்துவிடும். கடுகு போன இடத்தை ஆராய்ந்துகொண்டு பூசணிக்காயைக் கோட்டைவிடுவது இதுதான். சூடாக்குவது, குளிரவைப்பது, 24 மணி நேரமும் ஓடுவது: கவனிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

ஹீட்டரில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ‘அடிக்கடி ஆன் பண்ணினால்தான் கரன்ட் அதிகமாகும்’ என்று நாள் முழுக்கப் போட்டு வைப்பது. தொட்டித் தண்ணீர் ஆற ஆற ஹீட்டர் திரும்பத் திரும்ப ஓடும். குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் போட்டு, பிறகு அணைப்பதே லாபம். இன்னொன்று, தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பது. சூடு ஏற ஏறத் தொட்டியிலிருந்து வீணாகும் வெப்பமும் ஏறும். 60 டிகிரி போதும். அதற்காக 40, 45 என்று இறக்கியும் வைக்கக் கூடாது; வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் நோய்க்கிருமி வளரும்.

ரிமோட்டில் அணைத்ததை அணைத்ததாகக் கணக்கு வைப்பதும் தப்பு. ‘அணைத்த’ பிறகும் 10 வாட் இழுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல் தின்னும். அதற்குச் சுவர் சுவிட்சுதான் மருந்து.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். டயலில் இருக்கும் எண் டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, சாமான் கெட்டுப்போகிறதென்று மெஷினைக் குறை சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். 3 முதல் 5 டிகிரி காட்டினால் சரி. ஃப்ரீஸருக்கு மைனஸ் 18. அதற்கும் கீழே இறக்குவது வெறும் செலவு.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி கதவைச் சாத்தி மெதுவாக இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நாலு பக்கமும் பாருங்கள், கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். உடனே புது ரப்பருக்கு ஓட வேண்டாம். சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்து மடிப்புகளைத் துடையுங்கள், பல சமயம் ஒட்டிய அழுக்குதான் காரணம். ஃப்ரீஸரில் பனி அரை சென்டிமீட்டர் தடித்துவிட்டால் அது போர்வை மாதிரி குளிரைத் தடுக்கும், மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். மெஷினை அணைத்து உருக விடுங்கள். கத்தியால் குத்திப் பெயர்த்தால் உள்ளே ஓடும் குழாய் ஓட்டையாகும்; அந்த ரிப்பேர் செலவுக்கு எந்தச் சேமிப்பும் ஈடாகாது.

அடுப்பில் நடப்பது எளிய தவறு. தண்ணீர் கொதித்த பிறகும் தீயை முழுசாக வைத்தால் சீக்கிரம் வேகாது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் தணித்து மூடி போடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தைத் தாண்டி மேலேறும் தீ வீட்டைத்தான் சூடாக்கும்.

குழாய்ச் சொட்டு கண்ணில் படும், டாய்லெட் தொட்டியின் கசிவு படாது. அதனாலேயே அது மோசம். தொட்டியில் நாலைந்து சொட்டு உணவு நிறமி விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டியது அந்தச் சின்ன ரப்பர்தான்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 500 கிராம் பாக்கெட்டின் விலையை 5 ஆலும் 800 கிராம் பாக்கெட்டின் விலையை 8 ஆலும் வகுத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட் தோற்கும் நேரமும் உண்டு. வாங்கிய பிறகு வீணாக்கினாலோ கணக்கே தலைகீழ். 20 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியதில் கால்வாசியைக் குப்பையில் கொட்டினால், பயன்பட்ட அளவுக்கு நீங்கள் கொடுத்தது முழு விலையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம்.

கடைசியாக, வீட்டிலேயே கிளீனர் தயாரிப்பவர்களுக்கு. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்கும். அந்த நுரையைப் பார்த்துப் பலரும் மயங்குகிறார்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். சோடாவைத் தனியாகத் தேய்க்கப் பயன்படுத்துங்கள், உப்புக்கறைக்கு வினிகரைத் தனியாக விடுங்கள். மார்பிளில் வினிகர் படக் கூடாது, அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். பிளீச்சோடு வினிகரை எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தெரியாமல் கலந்துவிட்டால் குனிந்து கழுவப் போகாமல், முதலில் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள்.