கிரவல் காணியில் மரக்கறி: முதலில் மண்ணை அளந்து பாருங்கள்

ஹோமாகம, பாதுக்க, ஹங்வெல்ல பக்கத்து மேட்டுக் காணிகள் பலவற்றில் மேலே ஒரு சாண் செம்மண், அதற்குள்ளேயே கிரவல், அடியில் கபுக் (இரும்பு கலந்த செம்புரைக்கல்). மழைக்குப் பஞ்சமில்லாத கொழும்பு மாவட்டத்தில், மூன்று நாள் வெயிலுக்கே மிளகாய்க் கன்று துவண்டு நிற்பது இதனால்தான். பசளை வாங்கும் முன், உங்களிடம் உண்மையில் எவ்வளவு மண் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆழம்

கம்பியை அடித்து ஆழம் பார்க்க வேண்டாம். ஒரு கல் தடுத்தாலே பாறை வந்துவிட்டது என்று நினைக்க வைக்கும். அலவாங்கால் தளர்த்தி, காணியின் மேல், நடு, கீழ்ப்பகுதிகளில் ஒவ்வொரு குழி, 60 செ.மீ. வரை தோண்டுங்கள். ஈரமாக இருக்கும்போது கத்தியால் வெட்ட முடிந்தால் அது மென்கபுக். அலவாங்கே துள்ளினால் இறுகியது. மென்கபுக்கைத் திறந்தபடி விடாதீர்கள். வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்தால் அதிலுள்ள இரும்பு இறுகிக் கல்லாகிவிடும், பிறகு நனைத்தாலும் இளகாது. பார்த்த அன்றே மூடுங்கள்.

கிரவல் எத்தனை வீதம்?

அநேகர் பிழைவிடும் இடம் இதுதான். 2 மி.மீ.க்கு மேற்பட்டது எல்லாம் கிரவல். மேசன்மாரின் மணல் அரிதட்டு இதற்குப் பெரிய கண், மா அரிதட்டு மிகச் சிறிய கண். 2 மி.மீ. கண்ணுள்ள வலைத்துண்டைச் சட்டத்தில் அடித்தால் போதும்.

நீள அகல ஆழம் 20 செ.மீ. வரும்படி ஒரு குழி வெட்டி, எடுத்த மண் முழுவதையும் வாளியில் சேருங்கள். குழிக்குள் மெல்லிய பொலித்தீனை விரித்து விளிம்பு மட்டத்துக்கு நீர் ஊற்றுங்கள்; எத்தனை லீற்றர் பிடித்ததோ அதுதான் குழியின் கொள்ளளவு. ஒழுங்காக வெட்டினால் 8 லீற்றர் அளவில் வரும்.

வாளி மண்ணை இரவு முழுக்க நீரில் ஊறவிட்டு, காலையில் வலையில் போட்டுக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். ஊறவைக்காமல் அரித்தால் செங்களிக் கட்டிகளும் கிரவல் கணக்கில் சேர்ந்துவிடும். தேய்த்தால் கரைவது மண், மிஞ்சுவதுதான் கிரவல். மேல் ஈரத்தைச் சாக்கால் ஒற்றியெடுத்து, அளவுக்கோடு போட்ட வாளி நீரில் அதை இடுங்கள். நீர் எவ்வளவு உயர்கிறதோ அதுவே கிரவலின் கனவளவு. 2.8 லீற்றர் உயர்ந்தால் 35 வீதம்.

தராசில் நிறுக்க வேண்டாம். இரும்புச் சத்துள்ள கிரவல் பாரமானது; கனவளவில் மூன்றிலொன்றாக இருக்கும் கிரவல், நிறையில் பாதிக்கு மேல் வந்து உங்களை வெருட்டும்.

கணக்கு

ஆழம் 300 மி.மீ., கிரவல் 35 வீதம், நுண்மண் (கிரவல் போக மிஞ்சும் மண்) பயிருக்குத் தரக்கூடிய நீர் 12 வீதம் (மணல் கலந்த களிமண்ணுக்கு உத்தேசமாக இப்படி வைக்கலாம்) என்றால்: 300 × 0.65 × 0.12 = சுமார் 23 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும் மரக்கறி வாடத் தொடங்கும். நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவானால் மூன்று நாள்தான். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நிறைய ஊற்றுவது வீண். மிகுதி கீழே வடிந்துபோகும், பசளையும் கூடவே போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சதுர மீற்றருக்கு 8 லீற்றர் (அதாவது 8 மி.மீ., இரண்டு நாள் செலவு) ஊற்றினால் சரி.

பாத்தி

கிரவலை முழுக்க அரித்து அகற்றும் வேலை கூலிக்கும் நட்டம், மண்ணுக்கும் நட்டம். முட்டையிலும் பெரிய கற்களை மட்டும் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே வரம்பாக அடுக்குங்கள். மேற்பரப்பில் கிடக்கும் சிறு கிரவல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஆவியாதலையும் குறைக்கும்.

நடைபாதையின் மேல்மண்ணை வழித்துப் பாத்தியில் போட்டு 20 செ.மீ. உயர்த்துங்கள். அடிமண்ணை மேலே கொண்டுவரக் கூடாது. கை உழவு யந்திரம் இங்கே உதவாது, பிக்காசும் அலவாங்கும்தான். சதுர மீற்றருக்கு ஒரு வாளி உக்கிய கூட்டெரு சேர்த்து, மேலே கிளிசரியா இலையால் மூடுங்கள். புதுத் தும்புத்தூளை மண்ணில் கலந்தால் அது உக்கும்போது நைதரசனை இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும், உக்கியதையே போடுங்கள்.

டொலமைட், பசளை

ஆய்வுகூடம் அரித்த நுண்மண்ணைத்தான் சோதிக்கிறது. கிரவலைக் கழிக்காத சிபாரிசாக இருந்தால் நீங்கள்தான் கழிக்க வேண்டும்: சதுர மீற்றருக்கு 200 கிராம் டொலமைட் (மண்ணின் புளித்தன்மையைக் குறைக்கும் சுண்ணக்கல் தூள்) என்றிருந்தால் 35 வீதக் கிரவலுக்கு 130 கிராம். நடுவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே கலந்துவிடுங்கள், யூரியாவோடு சேர்த்து அல்ல.

டீஎஸ்பி என்ற பொசுபரசுப் பசளையைத் தூவினால் செம்மண்ணின் இரும்பு பொசுபரசைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நடுகுழிக்குள் போடுங்கள். யூரியாவையும் எம்ஓபி என்ற பொற்றாசியப் பசளையையும் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து இடுங்கள், பெருமழைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

பழமரக் குழி

"கபுக்கை உடைத்து மூன்றடிக் குழி வெட்டினால் வாழை, மா வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். முதலில் குழியில் நீர் நிரப்பிப் பாருங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகும் நீர் நின்றால், மே மாதப் பருவமழையில் அது தொட்டியாகி வேர் அழுகும். கீழ்ச்சரிவுப் பக்கம் குழியின் அடிமட்டத்திலிருந்து ஒரு வடிகான் வெட்டிய பிறகே நடுங்கள். தென்னங்குழியில் கபுக்கை இளக்க உப்புப் போடும் கேரள வழக்கத்தை மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள்.

வடிகான் வெட்ட வழியில்லாத காணிக்கு அன்னாசி நல்லது: வேர் ஆழம் போகாது, மண்ணின் புளித்தன்மையையும் தாங்கும். ஆனால் அதையும் உயர்த்திய வரியில்தான் நட வேண்டும்.