உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: ஊரைச் சேர்த்துக்கொண்டு சுகாதார வேலை செய்ய

31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கும் மணமேல்குடிக் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள். ஓய்வு பெற்ற பிறகும் போன் வருவது நிற்கவில்லை. முன்பு பிரசவ வலி என்று கூப்பிடுவார்கள். இப்போது ஊராட்சிச் செயலர், இளைஞர் மன்றத்துப் பையன்கள், மகளிர் குழுத் தலைவி என்று யாராவது கூப்பிட்டு, "சிஸ்டர், எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் பிரஷர், சுகர்னு இருக்காங்க. ஏதாவது செய்யணும். எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரஷரை வைத்தே சொல்கிறேன். ரத்தசோகைக்கும் கொசு ஒழிப்புக்கும் வேலை வேறுதான், ஆனால் ஊரைச் சேர்க்கிற வழி இதேதான்.

பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பகுதிக்கு வெளியூர் அமைப்பு ஒன்று வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல், பேனர், பிஸ்கட். ஒரே நாளில் ஊரே வரிசையில் நின்று பிரஷர் பார்த்துக்கொண்டது. நானும் ஒரு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். 5 மாதம் கழித்து ஒரு பெரியவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். 190/110 என்று என் கையெழுத்து. "பத்திரமா வச்சிருக்கோம் தாயி, நீ அடுத்து வர்றப்ப காட்டலாம்னு" என்றார்.

அடுத்து எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுத வேண்டுமானால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், மாத்திரை இருப்பு இருக்க வேண்டும், தனியாகப் போக முடியாதவரைக் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டும். அதனால் பிரஷர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

முதல் நடை சுகாதார நிலையத்துக்கு

டாக்டரைப் பார்த்து, "இத்தனை பேருக்குப் பார்க்கப் போகிறோம், இத்தனை பேராவது உங்களிடம் வருவார்கள், எந்தக் கிழமை அனுப்பலாம்?" என்று கேளுங்கள். தோராயமான எண்ணிக்கையைச் சொல்லாமல் போகாதீர்கள். திடீரென்று 60 பேர் போய் நின்று, மருந்தகத்தில் 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லிவிட்டால், அவர்களில் பாதிப் பேர் அப்புறம் அந்தப் படி ஏற மாட்டார்கள்.

உங்கள் ஊருக்கான 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் யார் என்றும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மகளிர் குழுவிலிருந்து வந்த பெண்கள்தான் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவரிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதை விட்டுவிட்டு நீங்கள் புதிதாக ஒரு பட்டியல் போட்டால், ஒரே ஆளை இரண்டு பேர் தேடுவீர்கள், இன்னொருவரை யாருமே தேட மாட்டீர்கள். அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையால் அவருடைய சுமை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது

இரண்டு வாரம் எந்தக் கூட்டமும் போடாமல் ஊரைச் சுற்றுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஆட்கள் தாங்களாகவே எங்கே கூடுகிறார்கள் என்று எழுதுங்கள். காலை 5.30-க்குப் பால் சங்கத்தில் கேனோடு நிற்பவர்கள் யார்? டீக்கடைப் பெஞ்சில் யார்? ரேஷன் கடையில் சரக்கு வந்த அன்று யார்? நூறு நாள் வேலை நடக்கும்போது மதியம் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் யார்? குழுக் கூட்டம் எந்தக் கிழமை, யார் வீட்டுத் திண்ணையில்? ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம், வருகிறவர்கள், அந்த இடத்தின் சாவி யாரிடம் என்று குறியுங்கள். சாவி என்று நான் நிஜமான சாவியைத்தான் சொல்கிறேன். சமுதாயக் கூடத்துச் சாவி கிடைக்காமல் வாசலில் காத்திருந்து கலைந்துபோன கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சுற்றும்போது ஒன்று தெரியவரும். 40 வயதைத் தாண்டிய ஆண்கள், அதாவது யாருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டுமோ அவர்கள், முகாமுக்கு வருவதில்லை. ஆனால் பால் சங்கத்துக்குத் தினம் வருகிறார்கள்.

ஒருவரிடம் ஒரே ஒரு வேலை

எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுவதற்கு முன்னால் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். 'உங்க ஆதரவு வேணும்' என்று கேட்காதீர்கள். 'அதுக்கென்ன, தாராளமா' என்பார்கள், அதோடு முடிந்தது. அவருடைய இடத்தில், அவரால் முடிகிற ஒரு வேலையைத் தேதியோடு கேளுங்கள். பால் சங்கச் செயலாளரிடம் நாங்கள் கேட்டது இதுதான்: மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 5.30 முதல் 7 மணி வரை வராந்தாவில் ஒரு மேசை, சாய்மானம் உள்ள இரண்டு நாற்காலி. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சமையல் மாஸ்டரிடம்தான் நேரம் பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் காது குத்து, கல்யாணம், கோவில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் அவர்தான். "பந்தியில இலை ஓரத்துல உப்பும் ஊறுகாயும் வைக்கிறத நிறுத்த முடியுமா அண்ணே?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உப்பு வைக்காம இலை போட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிருவான் சிஸ்டர். அது முறை." நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "உப்பு ஒரு துளி வச்சிருவோம். ஊறுகாய வாளியில எடுத்துட்டுப் போயி, கேட்டவுகளுக்கு மட்டும் போடுவோம். சாம்பாருல நான் பாத்துக்கிறேன்." நான் கேட்டதைவிட அதிகம் கொடுத்தார். ஊறுகாயை இலையில் வைத்தால் எல்லாரும் தொடுவார்கள், கேட்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவரவர் தொழிலின் முறை அவரவருக்குத்தான் தெரியும். நாம் குறிக்கோளை மட்டும் சொல்லிவிட்டு வழியை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

பின்லாந்தில் வட கரேலியா என்ற பகுதியில் 1972-இல் தொடங்கிய வேலையைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த மாஸ்டர்தான் ஞாபகம் வந்தார். அங்கே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் இறந்துகொண்டிருந்தார்கள். பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்று, மருத்துவமனையோடு நிற்காமல் இல்லத்தரசிகள் சங்கம், பள்ளிகள், பால்பண்ணைகள், தொத்திறைச்சி செய்கிறவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தார். ஊரின் சமையலே மாறியது. சில பத்தாண்டுகளில், வேலை செய்யும் வயது ஆண்களிடையே அந்தச் சாவுகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

கூட்டம் எங்கே போடுவது

இதை நேராகவே சொல்கிறேன். கூட்டத்தைக் கோவில் மண்டபத்தில் போட்டால் காலனி ஆட்கள் வர மாட்டார்கள், அல்லது ஓரமாக நிற்பார்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் போட்டாலும் அதே கதைதான். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கிராம சேவை மையம் என்று யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டாத இடத்தில் போடுங்கள். பிரஷர் பார்க்கும் மேசையும் காலனிக்குள் ஒரு நாள் போக வேண்டும், அதுவும் முதல் மாதமே. 'அங்க அடுத்த ரவுண்டுல பாக்கலாம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை ஒத்துக்கொண்டேன். அந்த அடுத்த ரவுண்டு வரவே இல்லை.

கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். ஏற்கெனவே பேசி வைத்த ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் வாயால் சொல்லட்டும். அதை ஊராட்சித் தீர்மான நோட்டில் பெயர், தேதியோடு எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம சுகாதார, ஊட்டச்சத்துக் குழு இருக்கும். அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. பெரிய கைப்பட்டை (கையில் சுற்றுகிற பட்டை) வைத்த பிரஷர் கருவி, சீட்டு அச்சடிப்பு, பெஞ்சு இதற்கெல்லாம் அதில் கேளுங்கள். பேனருக்குக் கேட்காதீர்கள். லேகியம், சத்துமாவு விற்கிறவர்கள் 'செலவ நாங்க பாத்துக்கிறோம்' என்று வருவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அன்றே, ஊர்க்காரர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு டப்பா வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அளக்கும்போது

தப்பான அளவு ஊரையே பயமுறுத்திவிடும். வந்தவரை முதலில் 5 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். டீ, பீடி, வெற்றிலைப் புகையிலை முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். பருமனான கைக்குச் சின்னக் கைப்பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பால் விலை பற்றிப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே 'உங்களுக்குப் பிரஷர்' என்று சொல்லிவிடக் கூடாது. வேறொரு நாளும் பார்க்க வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். 180/110-ஐத் தொட்டால் அன்றைக்கே அனுப்புங்கள். அதோடு நெஞ்சு வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் இருந்தால் 108. சீட்டில் எண்ணுக்குக் கீழே அந்த வரியை எழுதுங்கள்: 'புதன்கிழமை காலை 9 மணி, ஆரம்ப சுகாதார நிலையம். கூட வருபவர்: இன்னார்.'

உப்புப் பாக்கெட்

'உப்பைக் குறைங்க' என்று 31 வருடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். 'நாங்க கம்மியாத்தான் போடுறோம்' என்பார்கள். அது பொய்யில்லை, அவர்கள் கைக்கு அது கம்மிதான். அளவு தெரிய ஒரு வழி வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் தட்டின அளவு. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம். பிறகு சொன்னது ஒன்றுதான்: புதுப் பாக்கெட் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதுங்கள். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் தனியாகக் கல் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் தீர்ந்ததும் காலிக் கவரைக் குழுவுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் கவர் 23 நாளில் வந்தது. கொண்டுவந்த பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்மை பென்சிலால் தேதி எழுதியிருந்தார், பாதி அழிந்துபோயிருந்தது. "நாலே பேருதான் சிஸ்டர் நாங்க. இவ்வளவா தின்னுருக்கோம்?" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்தடுத்து வந்த கவர்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. சோறு வடிக்கும்போது எதற்கு உப்பு? கருவாட்டை எத்தனை தண்ணீரில் கழுவுவது? அப்பளம், வத்தல், மோர் மிளகாய் மூன்றும் ஒரே நாளில் வேண்டுமா? நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பாட்டி குழம்பில் உப்பைக் குறைத்துப் புளியும் மிளகும் கூட்டிச் செய்து கிண்ணத்தில் கொண்டுவந்தார்.

இரண்டு விஷயம் கவனம். உப்பைக் குறைக்கச் சொல்லும்போது அயோடின் உப்பைக் கைவிடச் சொல்லாதீர்கள், சமையலுக்கு அதுவே இருக்கட்டும். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டாம்.

மூன்று எண்கள்

எத்தனை பேருக்குப் பார்த்தோம், அளவு கூடியவர்களில் எத்தனை பேர் சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்தார்கள், போனவர்களில் எத்தனை பேர் 3 மாதம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மூன்றாவது எண்ணுக்காகத்தான் இவ்வளவும். பிரஷர் இறங்கியதும் 'சரியாப் போச்சு' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையால்தான் இறங்கியது என்பதைப் பால் சங்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் ஏற்கும் அளவுக்கு நான் சொல்லி ஏற்றதில்லை. அதனால் ஒழுங்காகச் சாப்பிடுகிற, ஊரில் மதிப்புள்ள இரண்டு பேரைப் பேசச் சம்மதிக்க வையுங்கள்.

எண்களைக் கிராம சபையில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 வாய்ப்பு இருக்கிறது. எண் மட்டும்தான். யாருடைய பெயரும், யாருடைய அளவும் மேசையை விட்டு வெளியே போகக் கூடாது. பெண் பார்க்க வருகிற வீட்டில் 'அவங்க அப்பாவுக்குச் சுகராம்' என்று பேச்சு வந்தால், அந்தக் குடும்பம் உங்கள் பக்கமே திரும்பாது.

கடைசியாக, அந்த 40 பக்க நோட்டு. செயலர் மாற்றலாகிப் போவார், தலைவர் மாறுவார், தன்னார்வலர் கல்யாணமாகி வேறு ஊர் போவார். நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் எந்த வேலையை ஏற்றிருக்கிறார், சீட்டுக் கட்டு எங்கே இருக்கிறது, பிரஷர் கருவி யார் வீட்டில், கூடத்துச் சாவி யாரிடம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதி, ஒரு நகல் அங்கன்வாடியில் வைத்துவிடுங்கள். எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது ஆளின் கையில் இருக்கிறது. முதல் சனிக்கிழமை மேசை இன்னும் போடுகிறார்கள்.