சாலை அவசரத்தைச் சிரிப்புப் படமாக வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் டீயோடு உட்கார்ந்தால் போதும், ஒரு நோட்டு நிறைய வரைய விஷயம் கிடைக்கும். சில வருடங்களாக நான் அப்படித்தான் வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலாவது, முகத்தையே நம்புவது. கடித்த பல், சிவந்த கண், தலைக்கு மேல் புகை என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் நம் ரோட்டில் பாதி முகங்கள் ஹெல்மெட்டுக்குள்ளும் மீதி துப்பட்டாவுக்குள்ளும் இருக்கின்றன. அவசரம் உடம்பில்தான் தெரியும். சிக்னலில் எண் இறங்க இறங்க ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி விடும் மணிக்கட்டைப் பாருங்கள். ஹாரனை விட்டு எழாத கட்டைவிரலையும், கோட்டைத் தாண்டி அங்குலம் அங்குலமாக ஊரும் முன்சக்கரத்தையும் பாருங்கள். ஓவியர் கோபுலு ஆனந்த விகடனில் வரைந்த வசனமில்லாத சிரிப்புப் படங்கள் கிடைத்தால் உட்கார்ந்து படியுங்கள். ஆள் நிற்கிற தினுசிலேயே கதை புரிந்துவிடும்.

வசனம் எழுதியே தீர வேண்டும் என்றால் சினிமாவில் கேட்ட “வூட்ல சொல்லிகினு வந்தியா”வை இங்கே கொண்டுவராதீர்கள். ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ வண்டி உரசினால், “ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?” என்றுதான் பேச்சு தொடங்கும். எரிச்சல் ஏறிக்கொண்டே போகும், ‘ங்க’ மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் கட்டத்தில் அந்த ‘ங்க’ உதிர்கிறது என்று முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பேச்சில் கோபத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் அதுதான்.

அடுத்தது, ரோட்டில் கோபம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைப்பது. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கேட் போட்டதும் சலிப்பு. அப்புறம் ஒருவர் வலது பக்கம் ஒதுங்கி முன்னால் போய் நிற்பார். அவரைப் பார்த்து எரிச்சல் பட்டவரே அடுத்த நிமிடம் அவர் பின்னால் போய் நிற்பார். ரயில் வந்ததும் அப்பா வண்டியின் முன்னால் நிற்கிற குழந்தை பெட்டிகளை எண்ணும், சுற்றியிருக்கிற முகங்களும் கொஞ்சம் இளகும். கேட் திறக்கும்போது இரண்டு பக்கமும் ரோட்டை முழுதாக அடைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்பார்கள், யாராலும் நகர முடியாது. ஒரே இடத்தில் இத்தனை மனநிலை! கடைசிக் காட்சியை மட்டும் வரைந்தால் பாதி விஷயம் போய்விடும்.

வேகத்தை வரைந்துவிட்டு நேரத்தை மறப்பதும் உண்டு. அவிநாசி சாலையில் 2025-ல் திறந்த மேம்பாலத்தின் நீளம் 10.1 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 15 நிமிடம், 60-ல் போனால் 10 நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக முந்தியவரும் முந்தப்பட்டவரும் கீழே இறங்கி அடுத்த நெரிசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நிற்கிற அந்த இரண்டு பேரை வரையுங்கள்.

படத்துக்குக் கீழே பொறுமையைப் பற்றிப் பழமொழி எழுத வேண்டாம். அடிபட்டவரை வைத்துச் சிரிப்பு வேண்டவே வேண்டாம். நிஜ வண்டி நம்பரையும் அடையாளம் தெரிகிற முகத்தையும் போடாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் படுகிற தவறு, மெதுவாகப் போகிறவரைக் கேலிப்பொருள் ஆக்குவது. நாம் தாமதித்தால் சூழ்நிலையைக் காரணம் சொல்கிறோம், அடுத்தவர் தாமதித்தால் அவர் குணத்தைச் சொல்கிறோம். அடுத்தவரின் சூழ்நிலையைப் பார்க்காமல் குணத்தைச் சொல்கிற இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்கிற பொருளில் பெயரே வைத்தார். நானும் அதைச் செய்திருக்கிறேன். திருப்பூரில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் துணி மூட்டையை மலை மாதிரி ஏற்றிப் போன ஒருவரை, ரோட்டையே அடைக்கிற பூதமாக வரைந்தேன். பின்னால் நிற்கிற எல்லோரும் பாவம் மாதிரி இருந்தார்கள். அதே வேலை பார்க்கிற தெரிந்த அண்ணன் ஒருவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதக் கொண்டுபோய் இறக்குனாத்தானுங்க அங்க தையல் மிஷின் ஓடும்” என்றார். கோபப்படவில்லை. அப்புறம், “மூட்டை மறைக்கிறதால பின்னாடி ஒண்ணுமே தெரியாதுங்க, ஹாரன் மட்டுந்தான் கேக்கும்” என்றார்.

அன்று இரவே மறுபடி வரைந்தேன். இந்த முறை நான் உட்கார்ந்தது அந்த வண்டியின் சீட்டில். முன்னால் குழி விழுந்த ரோடு, இரண்டு பக்கமும் கண்ணாடி நிறைய வெறும் துணி, பின்னாலிருந்து பீப் பீப் என்று எழுத்துகள் மட்டும் மூட்டைக்கு மேலாக வழிந்து வந்துகொண்டிருக்கும். அதை அந்த அண்ணனிடம் காட்டியபோது, “ஆமாங்க, இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு, தன் வண்டியில் இடது பக்கக் கண்ணாடி கிடையாது என்று திருத்தம் சொன்னார். அழித்துவிட்டேன்.