ஷெட்டில் சாமான் வைக்கும் முன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

லண்டன் பக்கம் வாடகை வீடு சின்னதாகத்தான் கிடைக்கும். பின்னால் தோட்டமும் அதில் ஒரு மரக் கொட்டகையும் இருந்தால், பரண் கிடைத்த சந்தோஷம் வரும். வீட்டுக்காரரிடம் ஷெட்டைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொருள் காப்பீட்டில் ஷெட்டுக்கு எவ்வளவு வரம்பு என்று பாருங்கள். மெல்ல ஏறும் ஈரத்துக்கும் பூசணத்துக்கும் பெரும்பாலும் காசு தர மாட்டார்கள். காகித வேலை அவ்வளவுதான்.

நம் ஊரில் ஈரம் என்றால் மழை. ஓட்டை அடைத்து, பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. இங்கே அந்தக் கட்டுதான் ஆபத்து. என் நண்பருக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மிருதங்கம். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் "நன்றாகச் சுற்றி வையுங்கள், போதும்" என்றதை நம்பி, அக்டோபரில் அந்துருண்டையும் போட்டுக் கட்டி ஷெட்டில் வைத்தார். மார்ச்சில் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். பாலித்தீனின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். வார் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக ரோமம் போலப் பூசணம். வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், தொய்ந்து, தொட்டால் பிசுபிசுத்தது. பலாக்கட்டை தப்பியது, சென்னைக்கு அனுப்பித்தான் மூட்டு, அதாவது வாய்த்தோல், மாற்றினார். அந்த ஏஜென்டை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

காரணம் இதுதான்: வீட்டுக்குள் வைத்துக் கட்டும்போது சமையல் ஆவி நிறைந்த வீட்டுக் காற்றும் பாலித்தீனுக்குள் சிக்கிக்கொள்ளும். அது 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் நீராகக் கோத்துவிடும். நவம்பர் இரவில் ஷெட் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். தோலும் துணியும் தமக்குள் வைத்திருக்கும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

ஷெட்டுக்குக் காற்று வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் துளைத்தட்டு வையுங்கள். தரையில் எதையும் வைக்காமல் மரப்பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கூரை மேல் போர்த்தியிருக்கும் தார் விரிப்பு (ஃபெல்ட்) கிழிந்திருந்தால் குளிருக்கு முன்பே மாற்றுங்கள். கூடாரம், கிரிக்கெட் பை, குடை எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும். சுற்றுவதென்றால் பருத்தித் துணி.

மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். கம்ப்ரசர் வைத்த ஈரம் உறிஞ்சும் மெஷினும் குளிரில் திணறும். சிலிகா ஜெல் நல்லதுதான், ஆனால் மூடி இறுகிய பெட்டிக்குள் மட்டும். திறந்த ஷெட்டில் வைத்தால் ஊரில் உள்ள காற்றையெல்லாம் உலர்த்தப் பார்க்கும். ஈரத்தை உறிஞ்ச வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாவைத் தோல் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் தோல் போய்விடும்.

பூசணம் பிடித்துவிட்டால் முகக்கவசம் போட்டு, தோட்டத்தில் வைத்தே துடையுங்கள். பட்டுப்புடவை, வீணை, மிருதங்கம், ஆல்பம், சான்றிதழ் இவை கட்டிலுக்கடியில் இருக்கட்டும். சைக்கிளும் மண்வெட்டியும் ஷெட்டுக்குப் போகட்டும்.