இசைமணியும் சின்னப்பிள்ளையும்: வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு நிறத்தில் எட்டு மணி உள்ள பெட்டியைத்தான் பெரும்பாலான வீடுகளில் வாங்குகிறார்கள். மேலே இருக்கும் குமிழை அழுத்தினால் ஒலிப்பது மேசைமணி. பிடியைப் பிடித்து ஆட்டினால் ஒலிப்பது கைமணி. இரண்டிலும் சுரங்கள் ஒன்றே: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, மேல் சி. கீபோட்டின் வெள்ளைக் கட்டைகள் எட்டையும் கழற்றி மேசையில் வைத்த மாதிரி. சி என்பதைச் சட்ஜமாக, அதாவது ச-வாக, எடுத்தால் அது ஏழு சுரமும் கொண்ட தாய்ராகங்களில் (மேளகர்த்தா) 29ஆவது, தீரசங்கராபரணம். இது பிடிபடாமல் தொடங்குவதால்தான் பாதிப் பிழை வருகிறது. ஆகவே முதலில் அது.

சரளிவரிசை அந்தப் பெட்டிக்குள் இல்லை

திருகோணமலையில் சங்கீத வகுப்புக்குப் போகும் அக்காவோ அண்ணாவோ இருக்கும் வீட்டில், சின்னது மணியைத் தொட்டவுடன் எல்லாருக்கும் வாயில் வருவது சரளிவரிசை, வகுப்பில் முதலில் பழகும் சுரப்பயிற்சி. சிவப்பு ச, செம்மஞ்சள் ரி, மஞ்சள் க, பச்சை ம என்று ஒட்டி, "ச ரி க ம" என்று அடிக்கப் பழக்குகிறார்கள். பெயர் பொருந்துகிறது, ஒலி பொருந்தாது. வகுப்பில் சரளிவரிசை பாடப்படுவது 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில். அதில் ரி சுத்த ரிஷபம். ச-வுக்கு அரைப்படிதான் மேலே (கறுப்பையும் சேர்த்து எண்ணினால் கீபோட்டில் அடுத்த கட்டை). பெட்டியில் உள்ள ரி சதுஸ்ருதி ரிஷபம்; முழுப்படி, அதாவது இரண்டு அரைப்படி, மேலே. த-விலும் இதே வித்தியாசம். க, ம, ப, நி நான்கும் சரியாக இருப்பதால் பெரியவர்களின் காதுக்கு "கொஞ்சம் வேற மாதிரி" என்று மட்டும் படும். பிள்ளையின் காதோ எதைக் கேட்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து வகுப்பில் உட்கார்ந்ததும் "ரி ஏறிப்போகுது" என்று ரீச்சர் திருத்த வேண்டி வரும். பிள்ளையில் பிழை இல்லை.

வேறு மணியைச் ச-வாக வைத்துச் சமாளிக்கலாமா என்றால், முடியாது. மாயாமாளவகௌளையில் ரி-க்கும் க-வுக்கும் இடையே மூன்று அரைப்படி. வெள்ளைக் கட்டைகளில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே ஒன்று அல்லது இரண்டு அரைப்படிதான் இருக்கும்; எங்கே தொடங்கினாலும் அந்த மூன்று கிடைக்காது. வழி இரண்டு. கறுப்புக் கட்டைச் சுரங்கள் ஐந்தையும் சேர்த்து 13 மணியாக வரும் பெட்டி வாங்கி, டி, ஏ இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் சி-க்கும் டி-க்கும் நடுவிலுள்ள மணியையும் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவிலுள்ள மணியையும் வைக்கலாம். அல்லது சரளிவரிசையை வகுப்புக்கே விட்டுவிட்டு, வீட்டில் மோகனம் என்ற ஐந்து சுர ராகத்தில் விளையாடலாம்.

மூன்று நான்கு வயதுக்கு இரண்டாவது வழிதான் எங்கள் தெரிவு. எஃப், பி என்ற இரண்டு மணிகளையும் எடுத்து அலுமாரியில் வைத்துவிடுங்கள். மிஞ்சுவது சி, டி, ஈ, ஜி, ஏ, மேல் சி: ச ரி க ப த ச. அரைப்படி இடைவெளி எங்குமே இல்லாததால் பிள்ளை எந்த ஒழுங்கில் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. "அது இல்ல, இது" என்று ஒவ்வொரு தட்டுக்கும் திருத்தத் தேவையில்லை. அதே ஐந்து சுரத்தை டி-யிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி ராகம், ஈ-யிலிருந்து தொடங்கினால் ஹிந்தோளம். இது பிள்ளைக்கு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு விளையாட்டு.

ஊருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு: கோணேசர் பதிகத்தை மணியில் தட்டிக் காட்டலாமா? திருஞானசம்பந்தரின் அந்தப் பதிகத்துக்குப் பண் புறநீர்மை; இன்று அதைப் பூபாள ராகத்தில் பாடுவது வழக்கம். சிவப்பு மணியை ச-வாக வைத்தால் ச, ப இரண்டைத் தவிர எதுவும் அகப்படாது. ஈ-யை ச-வாக வையுங்கள். ஈ, எஃப், ஜி, பி, மேல் சி என்பவை ச, ரி, க, ப, த ஆகிவிடும். மேல் ச மட்டும் பெட்டியில் இல்லை. கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இழைவும் மணியில் வரவே வராது, அதனால் பாட்டை மணியில் வாசிக்கப் பார்க்காமல், "இந்த வரி இங்கே வந்து நிற்குது" என்று நிற்கும் சுரத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுங்கள்.

சுருதி: வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று

மணியின் ச ஒரு கட்டை. (இங்கே கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்.) வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டையில் சுருதி வைப்பது சாதாரணம். ஐந்து கட்டை என்பது ஜி. அந்த வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிள்ளையின் மணியில் சிவப்பின் மேல் 'ச' என்று எழுதி ஒட்டியிருந்தால் குழப்பம் நிச்சயம். சுர எழுத்துகளை மணியில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். மணிக்கு முன்னால் மேசையில் துண்டுக் கடதாசியாக வையுங்கள், நகர்த்தலாம். ஐந்து கட்டைக்கு ஜி, ஏ, பி மூன்றும் ச, ரி, க. டி, ஈ இரண்டும் கீழ்ப் ப, த. மோகனத்துக்கு அதுவே போதும்.

இன்னொரு வழக்கமும் உண்டு: ஒரே மணியில் சி, ச, டோ என்று மூன்று பெயரும் ஒட்டுவது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஒலிக்கு ஒரு பெயர் போதும். எதைத் தெரிவுசெய்தாலும் சரி, அந்த வருடம் முழுக்க அதையே சொல்லுங்கள்.

போனில் சுருதிப்பெட்டிச் செயலி வைத்துக்கொண்டு பழக்குவது நல்லது. அதைச் சி-யில், அதாவது ஒரு கட்டையில், ச-ப-ச ஆக வைக்க வேண்டும். கீபோட்டோடு சேர்த்து வாசிக்கும் முன், அதன் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ மாற்றி வைத்துவிட்டு மறந்துபோவது அடிக்கடி நடக்கும்.

"பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை" என்ற அவசரத் தீர்ப்பு

பல பெட்டிகளில் சிவப்பு மணி 523 ஹேர்ட்ஸ், மேல் சி 1047 ஹேர்ட்ஸ். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை இலகுவாகப் பாடுவது ஏறத்தாழ 262 தொடக்கம் 440 ஹேர்ட்ஸ் வரை. அதாவது மணி ஒலிப்பது பிள்ளையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரையுள்ள தூரம்) மேலே. சில பிள்ளைகள் தாமாகவே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிவிடும். சிலது மணியின் உயரத்தையே எட்டப் பார்த்துக் கத்தும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். இரண்டையும் பார்த்து "காது இல்லை" என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

செய்ய வேண்டியது: மணியைத் தட்டுங்கள், உடனே பெண்குரலில் அதே சுரத்தைக் கீழ்ஸ்தாயியில் பாடிக் காட்டுங்கள், பிறகு பிள்ளை பாடட்டும். அப்பா பாடினால் அது இன்னும் ஒரு ஸ்தாயி கீழே போகும். மணி ஓர் உயரம், அப்பா ஓர் உயரம், பிள்ளை நடுவில். தொடக்கத்தில் அம்மா, அம்மம்மா, அக்கா என்று யாராவது பாடுவது இலகு. அப்பாதான் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் மெல்லிய பொய்க்குரலில் பாடலாம், பிள்ளைக்கு அதில் ஒரு சிரிப்பும் வரும்.

பாடாமல் தட்ட மட்டும் விடுவது இதைவிடப் பெரிய தவறு. தட்டுவதற்குக் காது தேவையில்லை, நிறம் தெரிந்தால் போதும். தட்டும் ஒவ்வொரு சுரமும் பிள்ளையின் வாயிலும் வர வேண்டும்.

எட்டையும் ஒரே நாளில் பரப்புவது

முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு இரண்டு மணி போதும்: ஜி, ஈ. ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் இந்த இடைவெளியில்தான் ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் (1882–1967) வழிவந்த பாடமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் ஒருவரை இழுத்துக் கூப்பிடும்போது தானாக இறங்கும் இடைவெளியும் ஏறத்தாழ இதுவே. பிள்ளையின் பெயரை இந்த இரண்டு சுரத்தில் பாடுங்கள், வீட்டில் உள்ள எல்லாரின் பெயரையும் பாடுங்கள். பிறகு ஏ, அதன்பிறகு சி, டி. எஃப், பி கடைசியில்.

நேரம் ஐந்து முதல் பத்து நிமிடம், நாள்தோறும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் இருத்தி வைப்பதால் மணியின் மேல் வெறுப்புத்தான் வரும்.

தாளத்தையும் சுரத்தையும் ஒன்றாகத் திணிக்கவும் வேண்டாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையில் போடப் பழகிய பிறகு, முதல் தட்டுக்கு மட்டும் ஒரு மணி. அது நழுவாமல் வந்தால் ஐந்தாம் எண்ணிக்கைக்கு இன்னொரு மணி.

நிறத்தில் தங்கிப்போதல்

நிறம் ஏறுவதற்கு ஒரு படி, அவ்வளவுதான். நிறக் கடதாசியைப் பார்த்து முழுப்பாட்டையும் தட்டும் பிள்ளையிடம் மணிகளை வெள்ளைக் கடதாசியால் மூடிக் கொடுத்தால் ஒன்றுமே தெரியாமல் விழிக்கும். ஆறேழு வாரத்தில் சோதிக்கத் தொடங்குங்கள். துவாய்க்குப் பின்னால் இரண்டு மணியை மறைத்து ஒன்றைத் தட்டி, "மேலேயா கீழேயா?" என்று கேளுங்கள். முதலில் சி-யும் ஏ-யும் போலத் தூரமான இரண்டு. பிறகு ஈ-யும் ஜி-யும். அடுத்தடுத்த மணிகள் பிறகு.

எல்லா நிறுவனமும் ஒரே நிற ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. ஏ ஒரு பெட்டியில் ஊதா, இன்னொன்றில் கடும்நீலம். இணையத்தில் எடுத்த நிறத்தாளை அச்சிடுவதற்கு முன் உங்கள் பெட்டியோடு ஒப்பிடுங்கள்.

கை, காது, பாதுகாப்பு

மலிவான கைமணிகளில் நாக்கு இரு பக்கமும் ஆடும். ஒருமுறை ஆட்டினால் "டிங்-டிங்" என்று இரண்டு அடி விழும். பிள்ளை தாளம் தவறுகிறது என்று நினைப்பீர்கள், தவறுவது மணி. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி நிறுத்தப் பழக்க வேண்டும், ஒலியை அடக்க மணியின் வாயைத் தோளில் ஒற்ற வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே இது கஷ்டம். அந்த வயதுக்கு மேசைமணிதான் நல்லது.

மேசைமணியை அழுத்தியபடியே பிடித்திருக்கவோ கிண்ணத்தில் கைபடவோ விட்டால் ஒலி செத்துப்போகும். ஒரு மணி மட்டும் மந்தமாக ஒலித்தால், கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், கால் சுற்றுத் தளர்த்தினாலே திருந்தலாம். கிறுகிறுவென்று அதிர்ந்தால் நட் தளர்ந்திருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் கழன்ற நட்டும் குமிழும் வாய்க்குப் போகும். பெட்டியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். காதோடு ஒட்டி ஒலிக்க விடவே வேண்டாம். மாபிள் தரையில், கதவு மூடிய அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். பாயில் உட்கார்ந்து, மணிக்குக் கீழே ஒரு மடிப்புச் சீலை விரித்தால் தெளிவாகக் கேட்கும்.

சாமியறை மணியையும் இந்த வரிசையில் சேர்த்துவிடும் பிள்ளைகள் உண்டு. அதன் ஒலி எந்தச் சுரத்துக்கும் சரிசெய்யப்பட்டதல்ல, பக்கத்தில் வைத்தால் காதைக் கெடுக்கும். அம்மம்மாவின் ஏச்சு வேறு.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

வாங்கிய அன்றே ஒவ்வொரு மணியையும் போனில் உள்ள டியூனர் செயலியால் பாருங்கள். ஓர் அடி தூரத்தில் போனை வைத்து ஒருமுறை தட்டி, தட்டிய சத்தம் அடங்கியபின் எண்ணைப் படியுங்கள். தட்டிய கணத்தில் மேற்சுரங்கள் கலந்து எண் துள்ளும். பத்து சென்ட் (அரைப்படியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்ற இறக்கம் பரவாயில்லை. இருபதுக்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள், வீட்டில் திருத்த முடியாது.

கடற்கரையோடு ஒட்டிய உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்க வீடுகளில் மணியின் எதிரி உப்புக்காற்று. மாரியில் வாடை கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் அடிக்கும். யன்னலோரம் விட்ட மணியின் வர்ணம் உரிந்த விளிம்பில் கறள் பிடிக்கும், உள்ளே இருக்கும் சுத்தியின் இணைப்பு இறுகும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்திச் சீலையால் துடைத்து, இறுக மூடும் பிஸ்கட் ரின்னில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் உப்பைவிடப் புழுதிதான் தொல்லை, தூரிகையால் தட்டிவிட்டால் போதும். அழுத்தும் இணைப்புக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிப் புழுதியையும் பிடித்துக்கொள்ளும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். வர்ணம் போகும், கழுவப்படாமல் மிஞ்சும் புளி உலோகத்தை அரிக்கும். விளிம்பில் கறள் கூராகக் கிளம்பிய மணியைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் எடுத்துவிடுங்கள். தனி மணி மாற்று வாங்குவதென்றால் அதே நிறுவனத்தின் அதே ஸ்தாயியில் உள்ளதையே வாங்குங்கள்.