கறுப்பின முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அந்தக் காலத்தில் இன ஒதுக்கல் எப்படி இருந்தது?” என்று தொடங்கும் பேட்டி பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வற்றிப்போகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை வெள்ளையரிடமிருந்து பிரித்து ஒதுக்கிய ஜிம் க்ரோ சட்டங்களின் கீழ் வளர்ந்தவர்கள் இன்று எழுபது, எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். பதிலும் தயாராக இருக்கும்: தனித் தண்ணீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை, வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த பாடப்புத்தகம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊருக்கும் அந்த மனிதருக்கும் மட்டுமே உரியது எதுவும் அதில் வராது. பெரிய சொல்லை வைத்துக் கேட்டால் பெரிய சொல்லே திரும்பி வருகிறது. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

வேலையிலிருந்து தொடங்குங்கள். கைகள் என்ன செய்தன என்று கேட்டால், ஒதுக்கல் தானாகவே பேச்சுக்குள் வந்துவிடும். பருத்தி எடுத்தவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை பவுண்டு எடுத்தார், தராசைப் பிடித்தது யார், எழுதிவைத்தது யார், குடும்பம் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்ததா என்று கேளுங்கள். பங்குக்கு நிலம் பிடித்துப் பயிரிட்ட குடும்பங்களில் பல, விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்தன. விதை, உரம், கடையில் வாங்கிய மாவு, உப்பிட்ட இறைச்சி எல்லாம் கடனாக ஏறி, ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளில் கழியும். பேரேடு நிலக்காரர் கையில் இருக்கும். விதையோடு எடுத்த பருத்தி சுமார் 1,500 பவுண்டை அரைத்தால் ஏறக்குறைய 500 பவுண்டு எடையுள்ள ஒரு பேல், அதாவது ஒரு பொதி, கிடைக்கும். அந்த வருடம் எத்தனை பேல் போட்டார்கள், கைக்கு எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண்கள் பதிவில் இருந்தால் போதும், ஏமாற்றப்பட்டோம் என்று அவர் வாதாட வேண்டியதே இல்லை.

வீட்டு வேலை செய்த பெண்களிடம் கூலியை மட்டும் கேட்டு நிறுத்துவது இதே போன்ற தவறு. எந்தக் கதவு வழியாக உள்ளே போனார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், மீந்த சாப்பாடு கூலியில் சேர்ந்ததா, பேருந்துக் காசு யாருடையது? இன்னொன்றையும் விடக்கூடாது: வேலை கொடுத்தவர் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டினாரா? 1935-இல் வந்த அந்தச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே வைத்தது. 1950, 1954 திருத்தங்களில்தான் அவர்களில் பலர் உள்ளே வந்தார்கள். எண்பது வயதிலும் ஒருவர் ஏன் வேலைக்குப் போனார் என்பதற்கு விளக்கம் பல வீடுகளில் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் எந்தத் தளம், எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். வட கரோலினாவின் டர்ஹாம் புகையிலை ஆலைகளில் இலையின் நடுநரம்பை உரிக்கும் தூசியும் வெக்கையும் நிறைந்த வேலை கறுப்பினப் பெண்களுக்கு. சிகரெட் செய்யும் இயந்திரங்களின் பக்கம் வெள்ளையினப் பெண்களுக்கு. “புகையிலைக் கம்பெனியில் வேலை பார்த்தேன்” என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிட்டால் இது முழுதும் தவறிப்போகும்.

பள்ளி நினைவுகளில் வேறு வகைச் சறுக்கல் உண்டு. “எங்கள் ஆசிரியர்கள் எங்களை விட்டுக்கொடுக்கவே இல்லை, அந்தப் பள்ளி எங்கள் வீடு மாதிரி” என்று முதியவர் சொன்னதும், இது பழங்கால ஏக்கம் என்று பேட்டி எடுப்பவர் வேறு கேள்விக்குத் தாவுகிறார். அப்படித் தாவாதீர்கள். பள்ளிக்குப் பணம் மறுக்கப்பட்டதும் உண்மை, அந்தப் பள்ளியை மக்கள் தாங்களே கட்டி நிறுத்தியதும் உண்மை. அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினத்தவருக்கான கல்வி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனும் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோஸன்வால்டும் 1912-இல் தொடங்கிய திட்டத்தில் 1932 வரை 15 மாநிலங்களில் 4,900-க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. ரோஸன்வால்ட் நிதியின் உதவி வேண்டுமென்றால் ஊரும் தன் பங்கைப் போட வேண்டும். அதனால் நிலம் கொடுத்தது யார், மரம் அறுத்தது யார், காசு எப்படிச் சேர்ந்தது, மின்சாரம் வருமுன் வெளிச்சத்துக்காக வைத்த உயர்ந்த ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்த்தன என்று கேட்கலாம். பேட்டிக்குப் போகுமுன் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் உள்ள ரோஸன்வால்ட் நிதியின் அட்டைத் தொகுப்பில் அந்தப் பள்ளியைத் தேடிப் பாருங்கள். பல அட்டைகளில் கட்டடத்தின் படமே இருக்கும். அதை அச்சிட்டு எடுத்துப்போய் மேசையில் வைத்தால் பத்துக் கேள்விகளின் வேலையை அந்தப் படம் செய்யும்.

பெயரிலும் ஏமாறக்கூடாது. ‘கவுன்டி ட்ரெயினிங் ஸ்கூல்’ (மாவட்டப் பயிற்சிப் பள்ளி) என்று ஆவணத்தில் கண்டதும் அதைத் தொழிற்பயிற்சிக் கூடம் என்றோ சீர்திருத்தப் பள்ளி என்றோ குறித்துவிடுகிறார்கள். பல மாவட்டங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அதுதான். அவர்களுக்கு உயர்நிலைக் கல்வி என்பதையே வெள்ளையர் எதிர்த்த காலத்தில் அந்தப் பெயர் ஒரு மறைப்பாக உதவியது.

1954-ஐ எல்லோருக்குமான கோடாக வைத்துக் கேட்பது அடுத்த பிழை. அரசுப் பள்ளிகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் வழக்குத் தீர்ப்பு அந்த ஆண்டு மே 17-இல் வந்தது; தென்மாநிலங்களின் பெரும்பாலான ஊர்களில் பள்ளிகள் உண்மையில் கலந்தது 1960-களின் கடைசியிலும் 1970-ஐ ஒட்டியும்தான். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி, கலப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை மூடியே வைத்தது. அந்த ஊர்க்காரரிடம் “எந்த வருடம் பள்ளி முடித்தீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்பது ஆறாத புண்ணில் கை வைப்பது. “எந்த வருடங்களில் பள்ளி இல்லை? அப்போது எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டால் வேறு மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட அண்ணன், வீட்டிலேயே நின்றுபோன தங்கை எல்லோரும் பதிவுக்குள் வருவார்கள். கலந்த பின் என்ன ஆயிற்று என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கறுப்பினப் பள்ளிகள்தான் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், கோப்பைகளும் ஆண்டு மலர்களும் குப்பைக்குப் போயின. வட கரோலினாவின் ஹைட் கவுன்டியில் தங்கள் பள்ளிகளை மூடக்கூடாது என்று கறுப்பினக் குடும்பங்கள் 1968-69 கல்வியாண்டு முழுக்கப் பிள்ளைகளை அனுப்பாமல் போராடின. ‘கலப்பு வந்தது, நல்லது நடந்தது’ என்ற முன்முடிவோடு போகிறவர் காதில் இந்த இழப்பு விழாது.

யார் கேட்கிறார் என்பது பதிலை மாற்றும். 1936-38-இல், வேலையற்ற எழுத்தாளர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகளிடம் 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைச் சேர்த்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நூறு வயதை எட்டிய சூசன் ஹாம்லினிடம் இரண்டு பேர் தனித்தனியே பேட்டி எடுத்தார்கள். வெள்ளையினப் பெண்ணிடம், தன் எஜமானர் நல்லவர் என்றார். வந்தவர் நலத்துறை அலுவலகத்து ஆள் என்று நினைத்திருந்தார். கறுப்பின ஆணிடம் சவுக்கடியையும், ஒரு தம்பதிக்குத் திருமணமான மறுநாளே மனைவியை எஜமானர் விற்றதையும் சொன்னார். உதவித்தொகை தரக்கூடியவர் என்று தோன்றும் எவரிடமும் மனிதர் அளந்துதான் பேசுவார். ஆகவே நீங்கள் யார், யார் அனுப்பினார்கள், பதிவு எங்கே போகும் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே கேட்கட்டும். ஆனால் சொந்தப் பேத்தியிடம் சில விஷயங்களைச் சொல்லமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அழைக்கும் முறையில் கவனம் தேவை. வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் கறுப்பினத்தவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதும், ‘திரு’, ‘திருமதி’ என்று சொல்ல மறுப்பதும் ஜிம் க்ரோவின் அன்றாட அவமானம். அலபாமா நீதிமன்றத்தில் ‘மேரி’ என்று அழைத்த வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மறுத்ததால் கறுப்பின உரிமைப் போராளி மேரி ஹாமில்டன் தண்டிக்கப்பட்டார். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இன்றைய அமெரிக்க வழக்கத்தில் முதற்பெயர் சொல்வது நெருக்கம் என்று எண்ணி அதையே செய்யாதீர்கள். அவரே வேறுவிதமாகச் சொல்லும் வரை மரியாதைச் சொல்லோடு குடும்பப் பெயர்தான்.

ஒலிப்பதிவில் கெடுவது பெரும்பாலும் சிறிய விஷயங்களால். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். இடம் மிச்சம் பிடிக்க எம்பி3-இல் பதிந்தால் இழந்த ஒலி திரும்பாது. சட்டையில் குத்தும் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜின் ரீங்காரம் மணிக்கணக்கில் பதியும். அதை அணைத்துவிட்டு, உங்கள் கார்ச் சாவியை உள்ளே வையுங்கள். கிளம்பும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அவர் மௌனமானால் பத்து நொடி பொறுங்கள். அடுத்த கேள்வியால் அந்த மௌனத்தை மூடும்போதுதான் பல நினைவுகள் அழிகின்றன.

எழுத்துப்படிக்கு, ஒரு மணி நேர ஒலிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இயந்திர எழுத்துப்படியை அப்படியே நம்ப முடியாது: பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய மென்பொருள்களைச் சோதித்து 2020-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சொற்பிழை சராசரி 19 சதவீதம், கறுப்பினத்தவர் பேச்சில் 35 சதவீதம். ஊர்ப்பெயர், தேவாலயப் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இதற்கு நேர் எதிர்த் தவறு, வட்டார உச்சரிப்பைக் காட்டுவதாக நினைத்து எழுத்துகளைச் சிதைப்பது. எழுத்தாளர் திட்டத்தில் கறுப்பின விவகார ஆசிரியராக இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரௌன், எல்லோரும் ஒரேமாதிரி உச்சரிக்கும் ‘வாஸ்’ (was) போன்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பேசுபவர் கறுப்பர் என்பதற்காகவே புதிய எழுத்துக்கூட்டல் போடுவதைக் கைவிடச் சொன்னார். வாக்கிய அமைப்பையும் மரபுத்தொடரையும் அப்படியே வையுங்கள்; எழுத்துக்கூட்டலைத் தொடாதீர்கள்.

பேட்டி முடிந்ததும் அலமாரியைக் கேளுங்கள். பலரும் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இறுதிச்சடங்கின்போது தேவாலயத்தில் கொடுக்கும் அச்சிட்ட நிகழ்ச்சித்தாள் அதைவிடப் பெரிய செல்வம். பிறந்த இடம், படித்த பள்ளி, வேலை, சபை, உறவினர் அத்தனையும் ஒரே தாளில் இருக்கும். எதையும் எடுத்துப்போகாமல் அங்கேயே ஸ்கேன் செய்யுங்கள்: 600 டிபிஐ, டிஃப் கோப்பு, முன்னும் பின்னும். நாலுக்கு ஆறு அங்குல வண்ணப் படம் சுமார் 26 எம்பி வரும். ஒட்டும் பக்க ஆல்பத்திலிருந்து படத்தை இழுத்தால் கிழியும். பக்கத்தோடு ஸ்கேன் செய்வது மேல். பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே அப்போது தெரியாது. பேசி முடித்த பின் வாங்குங்கள். இணையத்தில் எவரும் கேட்கலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிலம் பறிபோனது, அடித்தது யார் என்ற பகுதிகளை இத்தனை ஆண்டு பூட்டிவைக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. அடித்தவர், அடிபட்டவர் இரு தரப்புக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்னும் ஒரே தெருவில் வாழலாம்.

தொலைவில் உள்ள பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஒரு பிரதியை ஒப்படைத்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். ஊர் நூலகத்தில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, குடும்பத்தில் ஒன்று வேண்டும். எழுத்துப்படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பேசியவர் கையிலேயே கொடுத்து, ஒரு மாதம் விட்டுத் திரும்பப் போங்கள். ஓரங்களில் பென்சிலால் பெயர்களைத் திருத்தியிருப்பார், விட்டுப்போன ஒரு வகுப்புத் தோழியைச் சேர்த்திருப்பார். அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து கோப்போடு வையுங்கள்.