நெடும்பயணத்துக்கு இ-ரீடர் வாங்கப் போகிறீர்களா?

இ-ரீடர், அதாவது மின்னூல் படிக்கும் கருவி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலையிலும் திரை அளவிலும்தான் ஆரம்பிப்பார்கள். பயணத்துக்கு என்றால் முதலில் புத்தகத்தைப் பாருங்கள், கருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இறங்கிய பிறகு எந்த நேரம் நெட் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது கையில் இருப்பதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

படி 1: உங்கள் புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன?

பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும். அமேசானின் கிண்டில் கடையில் ஏற்கெனவே நிறைய வாங்கியிருக்கிறீர்கள் என்றால் கிண்டிலை விட்டு வெளியே போகாதீர்கள். அங்கே வாங்கிய பெரும்பாலான நூல்கள் பூட்டோடு வருபவை. கோபோ, பாக்கெட்புக் போன்ற வேறு நிறுவனக் கருவிகளில் திறக்காது.

வெவ்வேறு தளங்களிலிருந்து ஈபப் (மின்னூலுக்கான பொதுவான கோப்பு வடிவம்) கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கோபோ, பாக்கெட்புக் இரண்டும் வசதி. கேபிள் செருகி கோப்பைப் போட்டால் போதும். கிண்டிலில் அப்படிப் போட்ட ஈபப் திறக்காது. ‘சென்ட் டு கிண்டில்’ என்ற அமேசான் சேவை வழியாக அனுப்பினால் அதுவே மாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கு நெட் வேண்டும். ஆகவே அந்த வேலையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடிய வேண்டும்.

நூலக இரவல் நூல்களை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: பல கோபோ மாடல்களில் ஓவர்டிரைவ் என்ற நூலக இரவல் சேவை உள்ளேயே இருக்கிறது. கிண்டிலில் நூலக இரவல் அமெரிக்க நூலகங்களோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று, கிண்டில் கணக்கு ஒரு நாட்டோடு கட்டப்பட்டது. நாலு வாரம் சுற்றிவிட்டு வருவதற்காக அதன் நாட்டை மாற்றாதீர்கள். இறக்கி வைத்த புத்தகங்கள் எந்த நாட்டிலும் திறக்கும்.

படி 2: தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா?

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 முதல் கிடைக்கின்றன. எழுத்தில் சிக்கல் இல்லை. மற்ற கருவிகளில் வாங்குவதற்கு முன், அல்லது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு தமிழ் ஈபப்பைப் போட்டுச் சோதியுங்கள். கதையைப் படிக்க வேண்டாம், ‘கொ’, ‘கை’, ‘ஸ்ரீ’ இருக்கும் வரிகளைத் தேடுங்கள். கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றாலோ, கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது. கட்டம் மட்டும் என்றால் பல நேரம் எழுத்துரு இல்லாததுதான் காரணம். கோபோவில் ‘fonts’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களா? அப்படியானால் 6 அங்குலக் கருவியை மறந்துவிடுங்கள். ஏ4 பக்கம் அதில் சுருங்கி எறும்பு வரிசை ஆகிவிடும். 10 அங்குலம் வேண்டும், எடையும் கூடும்.

படி 3: கையில் எவ்வளவு கனம்?

நாவல், கட்டுரை வாசிப்பவர்களுக்கு 6 முதல் 7 அங்குலம் போதும். 2024-ல் வந்த அடிப்படைக் கிண்டில் 158 கிராம், அதே ஆண்டின் கிண்டில் பேப்பர்வைட் 211 கிராம். கோபோ கிளாரா பிடபிள்யூ 174 கிராம். திரைத் தெளிவு மூன்றிலும் 300 பிபிஐதான் (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகள்). கோபோ லிப்ராவில் பக்கம் திருப்ப ஓரத்தில் பட்டன் உண்டு: ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது கட்டைவிரலே திருப்பிவிடும். எனக்கு இது வண்ணத் திரையைவிடப் பெரிய விஷயம். இப்போது பரவலாக வரும் கலீடோ 3 வண்ணத் திரையில் கறுப்பு எழுத்து 300 பிபிஐ, வண்ணம் 150 மட்டுமே. படக்கதை வாசிக்காதவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

படி 4: சார்ஜும் தண்ணீரும்

இ-ரீடரில் உள்ள இ-இங்க் (மின்மை) திரை பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் எடுக்கும், அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. முன்விளக்கைக் குறைத்து, வைஃபையை அணைத்து வைத்தால் இன்னும் நீளும். டைப்-சி இருக்கும் மாடலாகவே வாங்குங்கள். பழைய மைக்ரோ யூஎஸ்பி என்றால் தனிக் கேபிள் சுமக்க வேண்டும்.

விமானத்தில் கருவியையும் பவர் பேங்கையும் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்குக்குப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். செக்-இன் பெட்டியில் மட்டும் பவர் பேங்கைப் போடாதீர்கள்.

ஐபிஎக்ஸ்8 என்பது தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு. இ-ரீடரில் அது இருந்தால் பொதுவாக 2 மீட்டர் நன்னீரில் 60 நிமிடம் தாங்கும். பேப்பர்வைட்டிலும் கிளாராவிலும் இது உண்டு, அடிப்படைக் கிண்டிலில் இல்லை. ஐபிஎக்ஸ்8-ல் உள்ள ‘எக்ஸ்’ தூசிக்குச் சோதனை நடக்கவில்லை என்பதைக் குறிக்கும், கடற்கரை மணலில் உஷார். நனைந்தால் நன்கு காயும்வரை சார்ஜ் போடக் கூடாது. உறை கெட்டியாக இருக்கட்டும். பையில் அழுந்தினால் முதலில் உடைவது உள்ளிருக்கும் கண்ணாடித் தகடுதான்.

படி 5: கிளம்புவதற்கு முந்தைய நாள்

ஹோட்டல் வைஃபை பல இடங்களில் அறை எண், பெயர் கேட்டு ஒரு பக்கம் திறக்கும். இ-ரீடரின் பிரவுசர் அதில் அடிக்கடி திணறும். அங்கே போய்ப் போராடாமல் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் அமையாமல் போகலாம் என்பதால், வீட்டிலேயே ஏரோப்ளேன் மோட் போட்டுவிட்டு, கொண்டுபோகும் ஒவ்வொரு புத்தகத்தையும் தொட்டுத் திறந்து பாருங்கள். அட்டைப்படம் தெரிவதால் மட்டும் புத்தகம் உள்ளே இருப்பதாக அர்த்தம் இல்லை. திறக்காதவற்றை வைஃபை போட்டு இறக்கிக்கொண்டு, மறுபடி ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.